பெரிய வெள்ளி ஆமை

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிவிட்டால் லாஸ் கார்சாஸ் ஊரில் எந்த வீட்டுக் கொல்லைக்குப் போனாலும் ஒரு தகரத் தொட்டி இருக்கும். அதற்குள் ஏரி ஆமைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, வழுக்கி விழுந்து, மறுபடி ஏறிக்கொண்டிருக்கும். பெரிய வெள்ளி வரைக்கும் அவற்றுக்கு அங்கேதான் வாசம். பெரிய வெள்ளியன்று சுத்தபோசனம், இறைச்சி தொடக் கூடாது. அதனால் ஊரே ஆமையைத் தேங்காய்ப்பாலில் வேகவைத்து, தேங்காய்ச் சோற்றோடும் மரவள்ளியோடும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி சுரூபப் பவனிக்குப் போகும்.

நெல்சி பெர்ரொகால் அந்த ஊர்ப் பங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அதே ஊரில் பிறந்தவள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஏரியில் மிதக்கிற ஒவ்வொரு கட்டையிலும் ஆமைகள் வரிசையாக உட்கார்ந்து வெயில் காயும். இப்போது அவளிடம் படிக்கிற பிள்ளைகள் ஆமையைப் பார்ப்பதே தொட்டிக்குள்தான். இந்தக் கவலையில் பல வருஷமாகத் தவக்காலம் வந்தால் பிள்ளைகளை 'ஆமையைக் காப்போம்' என்று படம் வரையச் சொல்லி வீட்டுக்கு அனுப்புவாள். ஊர்க்காரர்களுக்கு அந்தப் படங்கள் மேல் கொள்ளை ஆசை. மீன்காரன் உபாதெல் தோரியா வீட்டில் மகள் வரைந்ததை அடுப்புக்கு நேர் மேலே ஒட்டி வைத்திருந்தார்கள். கீழே பானையில் ஆமை கொதிக்கும், மேலே படத்தில் ஆமை சிரிக்கும்.

இந்த வருஷம் நெல்சி படத்தை விட்டுவிட்டாள். பாடத்திலேயே உயிரினங்களைப் பிரிப்பது பற்றி வந்திருந்தது. சுவரில் நான்கு அட்டை தொங்கவிட்டாள். மீன், பறவை, ஊர்வன, பாலூட்டி. ஏரியிலும் ஊரிலும் இருக்கிற எல்லாவற்றையும் வெட்டி எடுத்த படங்களாகக் கொடுத்து, உரிய இடத்தில் ஒட்டச் சொல்லிவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். கொக்கு சரியாகப் பறவையில் இருந்தது. பசு சரி. உடும்பு சரி. ஆமை மட்டும் மீன் அட்டையின் நடுவில் ராஜா மாதிரி இருந்தது.

யார் ஒட்டியது என்று கேட்டாள். உபாதெலின் மகள் மைலேதிஸ் எழுந்தாள். எட்டு வயது. பயம் என்பது அவளுக்குப் பழக்கமில்லை.

"நான்தான் டீச்சர். ஆனா எல்லாரையும் கேட்டுட்டுத்தான் ஒட்டினேன்."

"ஆமை எப்படிம்மா மீனாகும்?"

"பெரிய வெள்ளிக்கு இறைச்சி சாப்பிடக் கூடாதில்ல டீச்சர்? மீன் சாப்பிடலாம். நாம ஆமை சாப்பிடறோம். அப்போ அது மீனுதானே?"

மொத்த வகுப்பும் தலையாட்டியது. நெல்சிக்குச் சிரிப்பு ஒரு பக்கம், சந்தோஷம் ஒரு பக்கம். இப்படிக் கோத்துக் கோத்து யோசிக்கிற பிள்ளைகள் எல்லா டீச்சருக்கும் வாய்க்கமாட்டார்கள். தப்பு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. நாளைக்கு ஒரு ஆமை கொண்டு வாருங்கள், நீங்களே பார்த்துச் சொல்லுங்கள் என்றாள்.

மறுநாள் மைலேதிஸ் ஒரு அரிசிச் சாக்கில் பெரிய பெண் ஆமை ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பத்திரமாகத் திரும்பி வந்தாக வேண்டும் என்று அப்பா சொல்லி அனுப்பியிருந்தானாம். ஆமையைக் கண்ணாடித் தொட்டியிலும், ஒரு போகாச்சிக்கோ மீனை வாளியிலும் விட்டு, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். மீன் உள்ளேயே வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஆமை மட்டும் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை மேலே வந்து, மூக்கு நுனியை நீட்டி, ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போனது. பிள்ளைகள் அதோடு சேர்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு பந்தயம் கட்டினார்கள். ஆமையை ஜெயிக்க ஒருத்தராலும் முடியவில்லை. பிறகு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்கள். ஆமைக்குச் செவுளும் இல்லை, துடுப்பும் இல்லை, நகம் வைத்த நாலு கால் இருந்தது. மைலேதிஸே எழுந்து போய் மீன் அட்டையிலிருந்து ஆமையைப் பிய்த்து ஊர்வன அட்டையில் ஒட்டினாள். எல்லாரும் கை தட்டினார்கள். ஆமை இன்னும் கொஞ்ச நாள் வகுப்பிலேயே இருக்கட்டும் என்று பிள்ளைகள் கெஞ்ச, நெல்சி சரி என்றாள்.

பாடம் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் அது வகுப்போடு முடியவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் நெல்சி ஏரிக்கரை வழியாக வந்துகொண்டிருந்தாள். உபாதெல் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் தகரத் தொட்டியை ஏரியில் கவிழ்த்துக்கொண்டிருந்தான். முகம் இழவு வீட்டுக்கு வந்தவன் முகம் மாதிரி இருந்தது. ஊரில் அவனைப் போல ஆமை சமைக்க ஆள் கிடையாது. பெரிய வெள்ளிக்கு அவன் பானை திறக்கிற நேரம் பார்த்து அந்தத் தெருவே கிண்ணத்தோடு வந்து நிற்கும். என்ன இது என்று கேட்டாள்.

"என்னைக் கேக்கறீங்களா டீச்சரம்மா? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. ஆமை மீன் இல்லையாமே. மீன் இல்லைன்னா இறைச்சி. பவனியில சிலுவை சுமக்கிற நசரேன் ஆண்டவர் சுரூபத்தைத் தூக்க முன்தோள் குடுக்கிறவன் நான். வயித்துல இறைச்சிய வச்சுக்கிட்டு அவரை எப்படிம்மா தூக்கறது?"

நெல்சி வாயைத் திறந்தாள். பாவம் என்று நான் சொல்லவே இல்லையே, பிள்ளைகள்தான் ஒரு படி தாண்டிப் போய்விட்டார்கள் என்று சொல்லத்தான் திறந்தாள். அதற்குள் தொட்டியிலிருந்து கடைசி ஆமையும் தொப்பென்று தண்ணீரில் விழுந்து, தலையை நீட்டி, ஒரு துள்ளலில் காணாமல் போனது. நெல்சி வாயை மூடிக்கொண்டாள்.

அந்த வாரம் ஊர் முழுக்கத் தொட்டிகள் கவிழ்ந்தன. எந்த வீட்டில் இன்னும் விடவில்லை என்று பிள்ளைகள் காலையில் வந்து கோள் சொன்னார்கள். கடைக்காரி தன் ஆமைகளைப் புருஷனுக்குத் தெரியாமல் விட்டாள், புருஷன் அவளுக்குத் தெரியாமல் விடப் போய்த் தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்துத் திருடன் வந்துவிட்டதாகக் கத்தினான். நெல்சிக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷம் தொண்டை வறளப் பேசியதில் நடக்காதது, பிள்ளைகள் போட்ட ஒரு தப்புக் கணக்கில் நடந்துவிட்டது. நானா பொய் சொன்னேன், சும்மா இருந்தேன், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை தலைமையாசிரியை சிஸ்டர் எமெரீத்தா அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். வயதானவர். முன்னே கணக்கு வாத்தியாராக இருந்தவர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் அவர் போட்டிருக்கிற கொத்தமல்லிப் பாத்தி மேல் அவருக்கு உயிர். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார். உபாதெலின் மனைவி எனித் வந்து அழுதுவிட்டுப் போனாளாம். அவளுடைய அப்பா ஒரு பெரிய வெள்ளியன்று ஒரு தட்டு ஆமைக் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர், எழுந்திருக்கவில்லை. வயிற்றில் பாவத்தோடு போனாரே, நரகத்துக்கா போயிருப்பார் என்று கேட்டாளாம்.

"நானும் அந்தக் குழம்பைச் சாப்பிட்டவதான். எனக்கும் நரகம்தானான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாத்தேன்," என்றார் சிஸ்டர். "நீ பாவம்னு சொன்னியா நெல்சி?"

"இல்ல சிஸ்டர்."

"பாவம் இல்லைன்னு சொன்னியா?"

"அதையும் சொல்லல சிஸ்டர்."

சிஸ்டர் அவளைத் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை குருத்து ஞாயிறு, ஃபாதர் லிபார்தோ படகில் பூசைக்கு வருகிறார், யாராவது கேட்கத்தான் போகிறார்கள் என்றார். சபைக் கட்டளை ஆடு மாடு கோழிக்குத்தான். மீன், நண்டு, ஆமை மாதிரிக் குளிர்ந்த ரத்தம் உள்ளவை எதுவும் அதில் வராது. ஃபாதர் அதைச் சொன்ன மறு நிமிஷம் ஊர் முழுக்க வலையைத் தூக்கிக்கொண்டு ஏரிக்குப் போய்விடும். இதைச் சொல்லிவிட்டுச் சிஸ்டர் குரலைத் தாழ்த்தினார்.

"வேணும்னா நான் ஃபாதர்கிட்ட பேசறேன். ஈஸ்டர் முடிஞ்சு சொல்லுங்கன்னா கேப்பார். எனக்கும் அந்த ஏரி மேல ஆசை இருக்கும்மா. ஆனா அதுவரைக்கும் எனித்துக்கு யார் பதில் சொல்றது? அதையும் நீயே யோசிச்சுச் சொல்லு."

நெல்சி வீட்டுக்கு நேரே போகவில்லை. ஏரிக்கரையில் நடந்தாள். ஒரு கட்டையில் ஒரே ஒரு ஆமை கழுத்தை நீட்டி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பார்த்து எத்தனை காலமாயிற்று. அதைப் பார்த்ததும் மனசு இன்னும் கெட்டது. ஈஸ்டர் வரைக்கும் சும்மா இருந்தால் போதும், இந்த வருஷத்து முட்டையெல்லாம் மண்ணுக்குள் போய்விடும். ஆனால் எனித் அழுகிறாள். அப்பன் நரகத்தில் இருக்கிறான் என்று ஒரு பெண்ணை நம்பவிட்டுவிட்டு ஆமையைக் காப்பாற்றுவதா? அதோடு, பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள். டீச்சருக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்பார்கள். அதற்கப்புறம் அவள் சொல்கிற எந்தப் பாடத்தை நம்புவார்கள்? இருட்டுகிற வரைக்கும் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை, விடுமுறைக்கு முந்தின கடைசி வகுப்பு. நெல்சி நின்றபடியே சொல்லிவிட்டாள். ஆமை மீன் இல்லை என்பது நாம் கண்ணால் பார்த்தது, அது சரி. ஆனால் சாப்பிட்டால் பாவம் என்பது சரியில்லை, சபை அப்படிச் சொல்லவில்லை, எனக்கு முன்னாலேயே தெரிந்தும் நான் சொல்லவில்லை.

எல்லாரும் திரும்பி ஊர்வன அட்டையில் இருந்த ஆமையைப் பார்த்தார்கள்.

"அப்போ சாப்பிடலாமா டீச்சர்?" என்றாள் மைலேதிஸ்.

"சாப்பிட்டா பாவம் இல்ல. சாப்பிட வேணாம்னு நான் ஆசைப்படறேன். இது முட்டை போடற காலம். இப்போ பிடிச்சா ஏரிக்கு அப்புறம் ஆமை ஏது? ஆனா பாவம் வேற, இது வேற."

மைலேதிஸ் உதட்டைப் பிதுக்கினாள். "எங்கப்பாவுக்குப் பாவம்னாத்தான் காது கேக்கும் டீச்சர். ஆசைன்னா கேக்காது."

பள்ளிக்கூடம் விட்டதும் நெல்சி நேரே எனித்தின் வீட்டுக்குப் போனாள். சொல்லி முடிப்பதற்குள் எனித் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள், பிறகு ஈஸ்டர் வாரத்துக்குச் செய்துவைத்த பப்பாளி இனிப்பை ஒரு கிண்ணம் நிறையத் திணித்தாள். உபாதெல் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டான். அவனுக்கும் முகம் தெளிந்துவிட்டது. தெளிந்த கையோடு ஆணியில் மாட்டியிருந்த வலையை எடுத்து ஓட்டை பார்க்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடத்தில் இருக்கிற என் ஆமையை ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எடுத்துக்கொள்கிறேன், எல்லாவற்றையும் விட்டுவிட்டேன், இப்போதைக்கு மிச்சம் அது ஒன்றுதான் என்றான். கோபமே இல்லாமல், சிரித்துக்கொண்டுதான் சொன்னான். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொண்ட மாதிரி நெல்சி வீட்டுக்குப் போனாள். இனிப்பை அப்படியே மூடி வைத்தாள்.

விடுமுறை என்பதால் ஆமையைச் சிஸ்டர் பொறுப்பில் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் விட்டிருந்தார்கள். சுற்றிலும் சுவர், தப்பிப் போக வழியில்லை.

குருத்து ஞாயிறு பூசை முடிந்தது. யாராவது கேட்கும்வரை ஃபாதர் லிபார்தோ காத்திருக்கவில்லை, பீடத்திலிருந்தே சொல்லிவிட்டார். சபைக் கட்டளைப்படி ஆமை பாவமில்லை, செத்தவர்களை யாரும் நரகத்தில் தேட வேண்டாம். கோயில் முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. ஏரியில் ஆமை குறைந்துவிட்டதே, அதை யோசியுங்கள் என்றும் ஃபாதர் சொன்னார். அதற்குள் பாதிப் பேர் குருத்தோலையோடு வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு எந்தத் துறையில் வலை போடலாம் என்று ஆண்கள் பேச ஆரம்பித்தார்கள். நெல்சி ஒரு ஓரமாக நின்று குருத்தோலையைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்திலிருந்து மைலேதிஸ் ஓடி வந்தாள். கத்தவில்லை. வாயில் விரலை வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினாள்.

கோடை வெயிலில் ஊரில் எல்லா மண்ணும் பாறையாகக் கிடந்தது. இளகின மண் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. அது சிஸ்டர் தினமும் தண்ணீர் ஊற்றுகிற கொத்தமல்லிப் பாத்தி. ஆமை அதன் நடுவில் ஏறி உட்கார்ந்து, பின்னங்காலால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. இடது காலால் ஒரு கை மண், வலது காலால் ஒரு கை மண். கொத்தமல்லிச் செடிகள் வேரோடு பறந்தன. சிஸ்டர் "ஐயோ என் பாத்தி" என்று இரண்டு அடி வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

கொஞ்சம் கொஞ்சமாக ஊரே வந்து சேர்ந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உபாதெல் சாக்கோடு வந்தான். நெல்சி அவனைத் தடுக்கவில்லை, அது அவன் ஆமை. அவன் சாக்கை விரித்துக் குனிந்தான்.

"அப்பா, முடிக்கட்டும்பா," என்றாள் மைலேதிஸ்.

"முட்டை போடறப்பதான் கண்ணு இது ஓடாது. இப்பத்தான் தூக்கணும். நாங்க எப்பவும் அப்படித்தான்."

"தூக்கலைன்னா? அப்புறம் என்னப்பா பண்ணும்?"

உபாதெல் சாக்கோடு நிமிர்ந்தான். பக்கத்தில் நின்ற மீன்காரர்களைப் பார்த்தான். அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிறந்ததிலிருந்து ஏரியில் கிடந்தவர்கள். முட்டை போடுகிற ஆமையைக் கண்டால் தூக்கிவிடுவார்களே தவிர, அது எப்படி முடிகிறது என்று அங்கே ஒருத்தரும் பார்த்ததில்லை. நெல்சியும் புத்தகத்தில் படித்ததோடு சரி.

"தெரியலையே," என்றான் உபாதெல். சாக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குந்தி உட்கார்ந்தான். "சரி, பாத்துட்டுத் தூக்கறேன்."

நேரம் ஆயிற்று. ஆமை அவசரப்படவில்லை. மண் இறுகலாக இருந்த இடத்தில் தன் உடம்பிலிருந்தே தண்ணீர் விட்டு இளக்கிக்கொண்டது. பிறகு முதல் முட்டை வந்தது, வெள்ளையாக, நீளவாக்கில். அதைப் பின்னங்காலால் தாங்கி, உடையாமல் கீழே இறக்கியது. பிறகு அடுத்தது. உபாதெல் மேல் வெயில் விழுகிறது என்று யாரோ குருத்தோலையை நீட்டிப் பிடித்தார்கள், அவன் அதைப் பிடுங்கி ஆமைக்கு நிழலாகப் பிடித்தான். எனித் விடவில்லை. மைலேதிஸ் பிறந்தபோது வெளியில் உட்கார்ந்து டோமினோ ஆடிய மனுஷனைப் பாருங்கள், இன்றைக்குப் பிரசவம் பார்க்கிறார் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி முணுமுணுத்தாள். படகுக்காரன் வந்து ஃபாதரைக் கூப்பிட்டான். ஃபாதர் கையை மட்டும் ஆட்டி அவனையும் உட்காரச் சொன்னார்.

முட்டையெல்லாம் இறங்கினதும் ஆமை மண்ணை இழுத்து மூடியது. மூடினதோடு விடவில்லை. அடி ஓட்டைத் தூக்கித் தூக்கி இறக்கி மண்ணை அமுக்கியது, மறுபடி காலால் தேய்த்தது.

"கொத்தனார் மாதிரி பூசறாளே," என்று உபாதெல் மூச்சுக்குள் சொன்னான். "பாருடா, மட்டம் கூடப் பாக்கறா."

கடைசியில் எங்கே தோண்டினது என்றே தெரியாமல் ஆக்கிவிட்டு, ஆமை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஏரி இருக்கிற திசைக்கு நடந்தது. சுவரில் போய் முட்டியது. மறுபடி முட்டியது.

உபாதெல் எழுந்து போய் அதை இரண்டு கையாலும் தூக்கினான். சாக்கு இன்னும் கக்கத்தில் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன், வீட்டில் பானையைக் கழுவச் சொல்லட்டுமா என்று கேட்டான்.

"வாயை மூடுடா," என்றான் உபாதெல். "இவ்வளவு நேரம் பக்கத்துல குந்தி, குடை பிடிச்சு, பேறு பாத்துட்டு, அப்புறம் எப்படிடா அடுப்புல ஏத்தறது? எனக்கு நெஞ்சு கல்லா?"

சாக்கைக் கீழே போட்டுவிட்டு நடந்தான். பின்னால் பிள்ளைகள், பிள்ளைகளுக்குப் பின்னால் பாதி ஊர். ஞாயிற்றுக்கிழமைக் கால்சட்டையோடு முழங்கால் தண்ணீருக்குள் இறங்கினான். அந்தக் கால்சட்டையைத் துவைக்கிறவள் நான்தான் என்று எனித் கரையிலிருந்து கத்தினாள். கடைசியாக ஆமை அவன் கையிலிருந்து நழுவி ஒரே முங்கில் போனது. தண்ணீர் கலங்கி மறுபடி தெளிகிறவரைக்கும் அவன் அங்கேயே நின்றான். பிறகு திரும்பி, குஞ்சு எப்போது வரும் டீச்சரம்மா என்று கேட்டான். இரண்டு மூன்று மாசம் ஆகும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, நானும் பார்த்ததில்லை என்று நெல்சி சொன்னாள். செருப்பைக் கழற்றாமலே அவளும் தண்ணீரில் நிற்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அன்று மதியம் ஏரிக்கு வலை போகவே இல்லை என்று சொல்ல முடியாது. பெரிய வெள்ளியன்று பவனி தெருவில் திரும்பியபோது இரண்டொரு வீட்டிலிருந்து அந்தக் குழம்பு வாசனை வந்தது, நெல்சியின் மூக்கு பொய் சொல்லாது. ஆனால் உபாதெலின் பானையில் இந்தத் தடவை மீன். கிண்ணத்தோடு வந்த தெருவெல்லாம் அதைத்தான் சாப்பிட்டது. ருசி கொஞ்சம் மட்டுதான் என்று அவனே குறை சொல்லிக்கொண்டு இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டான்.

நாய் வந்து தோண்டிவிடக் கூடாது என்று கொத்தமல்லிப் பாத்தியைச் சுற்றி முள்வேலி கட்டினதும் அவன்தான். ஈஸ்டர் திங்கட்கிழமை நெல்சி அங்கே போனபோது, உபாதெல் ஒரு நாற்காலியைப் போட்டு வேலியோரம் உட்கார்ந்திருந்தான். கூட இன்னும் இரண்டு மீன்காரர்கள். உள்ளேயிருந்து ஒரு கொத்து மல்லித்தழை பறித்துக்கொள்கிறேன் என்று சிஸ்டர் எமெரீத்தா கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர்கள் விடுவதாக இல்லை.